கொரோலா 121 ஓட்டோ கியருக்கு எந்த ஒயில்? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்

உப்புவெளித் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓடிய டொயோட்டா கொரோலா 121 இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டுக் கார், 1500 என்ஜின், நாலு கியர் ஓட்டோ, மீற்றரில் 187,000 கிலோமீற்றர். அப்பா ஒவ்வொரு 5,000க்கும் என்ஜின் ஒயில் மாற்றி, திகதி போட்டு ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கொப்பி முழுக்கத் தேடியும் கியர் ஒயில் பற்றி ஒரு வரி கூட இல்லை.

பிரச்சினை இதுதான். காலையில் முதல் தடவை 'டி' போட்டால் இரண்டு விநாடி கழித்துத்தான் கார் பிடிக்கிறது. சூடேறிய பிறகு அது சரியாகிவிடும், ஆனால் 60க்கும் 70க்கும் இடையில் ஒரே சீராகப் போகும்போது கிறவல் ரோட்டில் ஏறியது போல ஒரு நடுக்கம் வந்து, அக்சிலரேற்றரைக் கொஞ்சம் விட்டு மறுபடி மிதித்தால் போய்விடுகிறது. நிலாவெளி ரோட்டில்தான் தினமும் போய்வருகிறேன், அது நல்ல கார்பெட் ரோடு, அதனால் ரோட்டின் குற்றம் இல்லை. ரயர் பலன்சும் பார்த்தாயிற்று.

ஒயில் மாற்றலாம் என்று நாலு பேரிடம் கேட்டேன். டவுனில் ஒரு கராஜில் "சிவப்பு ஒயில் எல்லாம் ஒன்றுதான், டெக்ஸ்ரோன் 3 போடுவோம்" என்றார்கள். ஒயில் கடையில் எல்லா வாகனத்துக்கும் பொருந்தும் என்று ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினார்கள், அதன் பின்பக்கத்தில் இருபது முப்பது பெயர் இருந்தது. நண்பன் ஒருவன் டபிள்யூ.எஸ். தான் டொயோட்டாவின் புது ஒயில், புதியதைப் போட்டால் நல்லதுதானே என்கிறான். மாமா மட்டும் "கையே வைக்காதே, பழைய கியருக்குப் புது ஒயில் போட்டால் அதோடு கியர் போய்விடும்" என்று பயப்படுத்துகிறார்.

இன்றைய விலையில் இன்னொரு கார் வாங்க என்னால் முடியாது. அப்பாவின் கார் என்பதும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சரியான வழி சொல்லுங்கள்.

பழைய ஸ்பானர்

தம்பி, கடைக்காரரையும் நண்பனையும் கேட்பதற்கு முதல் காரையே கேட்டிருக்கலாம். பொனற்றைத் திறந்து பாருங்கள், என்ஜின் ஒயில் டிப்ஸ்டிக் ஒன்று இருக்கும், பற்றரிப் பக்கமாக உள்ளே தள்ளி இன்னொன்று இருக்கும். இரண்டாவதுதான் கியர்பொக்ஸுடையது. அதை உருவித் துணியால் துடைத்து, தகட்டில் அடித்திருக்கும் எழுத்தை டோர்ச் அடித்து வாசித்து எழுதுங்கள். அநேகமாக 'டைப் டி-4' என்று இருக்கும், நாலு என்பதை ரோமன் இலக்கத்தில் அடித்திருப்பார்கள். உங்கள் 121 நாலு கியர் பெட்டிக்கு டொயோட்டா கேட்பது அதைத்தான்.

நான் 31 வருடம் இந்த வேலையில் இருந்தவன், பாதிக் காலம் டோஹாவில் கியர்பொக்ஸ் பகுதியில் மட்டும். இப்போது ஆண்டான்குளத்தில் வீட்டோடு இருக்கிறேன், கராஜ் இல்லை, அதனால் எனக்கு விற்க ஒன்றும் இல்லை.

சிவப்பு எல்லாம் ஒன்றுதான் என்பதை முதலில் விட்டுவிடுங்கள். சிவப்பு என்பது சாயம் மட்டுமே. கீழே ஒழுகினால் என்ஜின் ஒயிலா கியர் ஒயிலா என்று பிரித்தறிவதற்காகப் போடுவது. டெக்ஸ்ரோன் 3, டி-4, டபிள்யூ.எஸ். மூன்றும் சிவப்பு, மூன்றும் வேறு வேறு ஒயில்.

டெக்ஸ்ரோன் என்பது ஜெனரல் மோட்டர்ஸின் தரப்பெயர். அதில் 3ஆம் வகைக்கு அனுமதி கொடுப்பதை 2006 முடிவோடு அந்தக் கொம்பனி நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு எந்தத் தகரத்தில் டெக்ஸ்ரோன் 3 என்று எழுதியிருந்தாலும் அது ஒயில் செய்தவர் தானே சொல்லிக்கொள்வது, ஜெனரல் மோட்டர்ஸ் பரிசோதித்துக் கொடுத்தது அல்ல. நல்லதும் இருக்கலாம், மட்டமானதும் இருக்கலாம், தகரத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. பவர் ஸ்டியரிங்குக்கும் பழைய டெக்ஸ்ரோன் கியர்களுக்கும் போடுவார்கள், அது வேறு கதை.

நண்பர் சொன்ன டபிள்யூ.எஸ். நல்ல ஒயில்தான், ஆனால் டி-4 இன் அண்ணன் அல்ல, வேறு வீட்டுப் பிள்ளை. மிக நீர்த்தன்மையானது. 100 பாகைச் சூட்டில் டி-4 இன் பிசுக்குமை, அதாவது தடிப்பு, ஏறத்தாழ 7 சென்டிஸ்டோக், டபிள்யூ.எஸ். ஐந்தரை அளவில் நிற்கும். டி-4 க்காகச் செய்த பெட்டியில் சீல்களும் வால்வு பொடியின் (ஒயிலை அந்தந்தக் கிளச்சுக்குத் திருப்பிவிடும் பாகம்) இடைவெளிகளும் அந்தத் தடிப்பைக் கணக்குப் பண்ணிச் செய்தவை. உங்கள் பெட்டியோ இருபது வருடத்துக்கு மேல் தேய்ந்தது. அதில் நீர்த்த ஒயிலை ஊற்றினால் பிரஷர் கசிந்து, கிளச் தட்டுகள் இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கும். புதியது என்பதால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று இந்த விஷயத்தில் நினைக்கவே கூடாது.

பல வாகனப் போத்தல் பற்றி: பின்பக்கத்தில் "அங்கீகரிக்கப்பட்டது" என்று இருக்கிறதா, அல்லது "இவற்றில் பாவிக்கலாம்" என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறு. ஒரே ஒயில் டி-4 க்கும் டபிள்யூ.எஸ்.க்கும் பொருந்தும் என்றால் நடுவில் ஒரு தடிப்பில் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவசரத்துக்குச் சரி, நான் என்றால் அப்பாவின் காருக்குப் போடமாட்டேன்.

டிப்ஸ்டிக்கில் உள்ள ஒயிலை ஒரு வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டு, நிறத்தையும் மணத்தையும் எழுதுங்கள். கருகின மணமா என்பது எனக்கு முக்கியம்.

மூதூர் வான்காரன்

உங்கள் மாமா சொல்வதில் உண்மை இருக்கிறது தம்பி. நான் ஹயர் ஓடுகிறவன். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் பழைய ஓட்டோ கியருக்கு ஒயில் மாற்றி ஒரு மாதத்துக்குள் கியர் இறக்கினார்கள். இரண்டுமே அதுவரை ஓடிக்கொண்டிருந்த வண்டிகள். ஓடுகிற மட்டும் ஓடுங்கள், குறைந்தால் மட்டும் ஊற்றுங்கள் என்பதுதான் என் கருத்து.

பழைய ஸ்பானர்

வான்காரத் தம்பி, நீங்கள் கண்டது பொய்யில்லை, நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு பேரும் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒயிலைப் பற்றி நினைப்பார்கள். அப்போது கிளச் தட்டின் லைனிங் உரிந்து ஒயிலில் மிதந்துகொண்டிருக்கும். அந்தப் பெட்டி எந்த ஒயில் போட்டாலும் போகும், போடாவிட்டாலும் போகும், கடைசியாகக் கை வைத்தவர் மேல் பழி விழும்.

இரண்டாவது காரணம் மெசினைப் பூட்டிப் பிரஷரில் அடித்துக் கழுவுவது. இருபது வருடமாக ஓரங்களில் படிந்த கசடு ஒரே நாளில் கிளம்பி வால்வு பொடியின் சின்னத் துவாரங்களில் போய் அடைத்தால் கியர் எப்படி மாறும்? பழைய பெட்டிக்கு அதைச் செய்யவே கூடாது. வடித்துவிட்டு வடித்த அளவை ஊற்றுவது வேறு. அது மெதுவான வைத்தியம்.

இந்தத் தம்பியின் கார் இன்னும் வழுக்கவில்லை, நடுங்குகிறது. அந்த வித்தியாசம் பெரியது.

கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சிவப்பு எல்லாம் ஒன்றுதான் என்று கேட்டுப் பட்ட ஒருவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 2007 அக்ஸியோ. ஓட்டோ என்று வாங்கினேன், ஓட்டோ என்றே எல்லோரிடமும் சொன்னேன். அது சி.வி.டி. என்பது அப்போது எனக்குத் தெரியாது. சேர்விஸுக்குப் போன இடத்தில் கியர் ஒயிலும் மாற்றுவோமா என்றார்கள், சரி என்றேன். சாதாரண சிவப்பு ஏ.டி.எஃப்., அதாவது சாதாரண ஓட்டோ கியருக்கான ஒயில், போட்டுவிட்டார்கள். அன்றைக்கே ஒரு இரைச்சல் கேட்டது, தூரத்தில் வோட்டர் பம்ப் ஓடுவது போல. புது ஒயில்தானே, பழகிவிடும் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன்.

மூன்றாம் கிழமை குருநாகல் போய்த் திரும்பும்போது, ஹபரணை தாண்டி யானைக்காக வாகனங்களை நிறுத்தி நிறுத்தி விட்ட இடத்தில் முதலில் இழுவை குறைந்தது. கந்தளாய்க்கு வரும்போது என்ஜின் கத்துகிறது, கார் நகரவில்லை. உம்மாவும் பிள்ளைகளும் காருக்குள். நேரம் இரவு பத்தைத் தாண்டிவிட்டது. ஒரு லொறிக்காரர் இரக்கப்பட்டுக் கயிறு கட்டித் தம்பலகாமம் வழியாகக் கிண்ணியா வரை இழுத்து வந்தார். அதுவும் தவறு என்று பிறகுதான் தெரிந்தது. என்ஜின் ஓடாவிட்டால் கியர்பொக்ஸ் பம்ப்பும் ஓடாது, ஒயில் சுற்றாது, முன் சில்லு இழுக்கிற காரை நாலு சில்லும் நிலத்தில் இருக்க அவ்வளவு தூரம் இழுத்தால் உள்ளே காய்ந்தபடி சுற்றும். முன் சில்லைத் தூக்கி ஏற்ற வேண்டும் அல்லது லொறியில் ஏற்ற வேண்டும்.

பெட்டியைத் திறந்தவர் புல்லி இரண்டையும் எனக்குக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய முகத்தில் கீறல் கீறலாக இருந்தது. சி.வி.டி.யில் கியர் பல்லு மாறுவதில்லை, இரண்டு புல்லிக்கு நடுவில் ஒரு உருக்குப் பெல்ட் இறுக்கப்பட்டு ஓடுகிறது. உலோகத்தை உலோகம் வழுக்காமல் பிடிக்க வேண்டும், அதே நேரம் தேயவும் கூடாது. அதற்கென்றே செய்த ஒயில் வேண்டும். என் காருக்கு அது டொயோட்டா சி.வி.டி.எஃப். டி.சி. ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லியை அரைத்துவிடும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பெட்டி வாங்கிப் போட்டேன். அந்தக் காசுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம். இப்போது பொனற்றின் உட்பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒயில் பெயரை எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். யார் கை வைத்தாலும் முதலில் அதைத்தான் வாசிக்க வேண்டும். தம்பி, நீங்களும் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று. ஒயிலை ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். சீலை நீங்களே உடையுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இரசாயன ரீச்சர்

கார் பற்றி எனக்கு ஓடத் தெரிந்ததற்கு மேல் தெரியாது. உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஆனால் அந்த நடுக்கம் ஏன் வருகிறது என்று தம்பி தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் எந்த ஒயில் என்ற கேள்விக்கு அரைவாசிப் பதில் வந்துவிடும்.

கரும்பலகையில் சோக்கைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் கிறீச்சிடும் அல்லவா? சோக்கு ஒரு கணம் ஒட்டுகிறது, மறுகணம் வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. விநாடிக்குப் பல தடவை இது நடப்பதுதான் அந்தச் சத்தம். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் நின்றுவிடும். ஓட்டோ கியரில் என்ஜினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியருக்குக் கொடுக்கும் டோர்க் கன்வேட்டருக்குள் ஒரு லொக்-அப் கிளச் இருக்கிறது, சீரான வேகத்தில் அது மெல்ல மெல்லப் பிடிக்கும். அங்கே ஒட்டி வழுக்கினால் கார் முழுக்க நடுங்கும். தம்பி சொன்ன 60-70 நடுக்கம், அக்சிலரேற்றரை விட்டு மிதித்தால் நிற்பது, எல்லாம் இதற்குப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன், ஸ்பானர் ஐயா திருத்தட்டும்.

இதைத் தடுப்பதற்கு ஒயிலில் உராய்வைத் திருத்தும் சேர்க்கைகள் போடுகிறார்கள். நீண்ட கொழுப்புச் சங்கிலி உள்ள மூலக்கூறுகள், ஒரு முனை உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், மறுமுனை புல் மாதிரி நிற்கும். வழுக்கும் வேகம் கூடும்போது உராய்வும் கூட வேண்டும், குறையக் கூடாது. குறைந்தால் கிறீச். இந்தச் சேர்க்கை எவ்வளவு, எந்த வகை என்பது ஒவ்வொரு தரத்துக்கும் வேறு. டெக்ஸ்ரோன் 3 உம் டி-4 உம் தடிப்பில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனாலும் ஒன்றுக்கு மற்றது ஈடு இல்லை என்பதன் காரணம் இதுதான். சூட்டாலும் காலத்தாலும் இந்தச் சேர்க்கை முதலில் செத்துப்போகும், ஒயில் மட்டும் மிஞ்சும். நம் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலில் ஏ.சி.யும் போட்டு ஓடினால் அந்த ஒயில் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

ஒரு விஷயம் என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன். ஆரம்ப காலத்து ஓட்டோ கியர் ஒயிலில் இந்த உராய்வுச் சேர்க்கை எதிலிருந்து வந்தது தெரியுமா? எண்ணெய்த் திமிங்கிலத்திலிருந்து. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த எண்ணெயைத் தடை செய்த பிறகுதான் செயற்கையாகச் செய்யத் தொடங்கினார்கள். முதலில் வந்த மாற்று ஒயில் கூலரின் உலோகத்தை அரிக்கிறது என்று கண்டு, மறுபடி திருத்த வேண்டியும் வந்தது. பங்குனியிலிருந்து ஆவணி வரை நம் கடலில் படகேறிப் போய் வெள்ளைக்காரர் பார்த்துவிட்டு வருகிறார்களே, அதே திமிங்கிலம். சோக்குக் கதையை மறந்தாலும் இதைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

பழைய ஸ்பானர்

ரீச்சர், திருத்த ஒன்றும் இல்லை. டி-4 வந்ததே அந்த லொக்-அப் கிளச்சைக் கொஞ்சம் வழுக்க விட்டுப் பிடிக்கும் முறைக்காகத்தான். கியர்பொக்ஸ் செய்த ஐசின் வோர்னர் கொம்பனி இதை ஜே.டபிள்யூ.எஸ். 3309 என்ற இலக்கத்தால் குறித்தது. கடையில் டொயோட்டா தகரம் இல்லாவிட்டால் இந்த 3309 என்ற இலக்கத்தைத் தேடலாம். மொபில் கொம்பனி அந்த இலக்கத்தையே பெயராக வைத்து ஏ.டி.எஃப். 3309 என்று ஒன்று செய்கிறது.

உப்புவெளித் தம்பி

எல்லோருக்கும் நன்றி. நானா, உங்கள் கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன், அம்மாவுக்கு நித்திரை வரவில்லை.

டிப்ஸ்டிக்கில் ஐயா சொன்னபடியே டி-4 என்று இருக்கிறது. துடைத்த பிறகுதான் தெரிந்தது, அத்தனை வருடமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. வெள்ளைக் கடதாசியில் விட்ட துளி கடும் மண்ணிறம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. மணம் பழைய ஒயில் மணம், கருகினது போல இல்லை. விரலில் தேய்த்தால் மணல் மாதிரி ஒன்றும் இல்லை. மட்டம் சூடான குறியின் கீழ்க்கோட்டுக்கும் கொஞ்சம் கீழே. எத்தனை லீற்றர் வாங்க வேண்டும்? எத்தனை தடவை மாற்ற வேண்டும்?

பழைய ஸ்பானர்

கருகவில்லை, மணல் இல்லை என்றால் நம்பிக்கையோடு செய்யலாம்.

உங்கள் பெட்டி முழுக்க ஆறரை லீற்றருக்கு மேல் கொள்ளும். ஆனால் கீழ்த் தக்கையைக் கழற்றினால் வருவது ஏறத்தாழ 3 லீற்றர் மட்டும், மிச்சம் டோர்க் கன்வேட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் நிற்கும். அதனால் ஒரு தடவை மாற்றினால் பழையது பாதிக்கு மேல் உள்ளேயே இருக்கும். இரண்டாம் தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும், மூன்றாம் தடவை என்றால் ஆறில் ஒன்று அளவுக்கு வரும். நான் என்றால் இப்போது ஒன்று, 1,000 கிலோமீற்றர் ஓடி இன்னொன்று, பிறகு இன்னொரு 1,000 ஓடி மூன்றாவது. 4 லீற்றர் தகரம் இரண்டில் தொடங்குங்கள். டொயோட்டா தகரத்தில் பாகத்து இலக்கம் 08886 என்று தொடங்கும், மூடியின் சீல் உடையாமல் இருக்க வேண்டும். போலித் தகரம் நிறைய நடமாடுகிறது, விலை மிகக் குறைவாக இருந்தால் வாங்க வேண்டாம்.

முதல் தடவை பான், அதாவது பெட்டியின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு, அதையும் கழற்றுங்கள். உள்ளே காந்தம் ஒட்டி வைத்திருப்பார்கள், அதில் சாம்பல் நிறத்தில் பசை போலப் படிந்திருந்தால் அது வயதுக்குரிய தேய்மானம், துடைத்துவிட்டுத் திருப்பி வைக்கலாம். மினுங்குகிற செதில் இருந்தால் எனக்கு ஒரு படம் போடுங்கள், அதற்கு மேல் செலவழிப்பதற்கு முதல் யோசிக்க வேண்டும். வடிகட்டியையும் காஸ்கெற்றையும் புதிதாகப் போடுங்கள். நீங்கள் கடற்கரைப் பக்கம் இருக்கிறீர்கள், பானின் கீழ்ப்பக்கத்தில் உப்புக் காற்றால் துரு பிடித்திருக்கும், சுரண்டிப் பார்த்துப் பெயின்ற் அடியுங்கள், துரு ஆழமாக இருந்தால் பானையே மாற்றுங்கள். பான் ஓட்டையாகி நடுவழியில் ஒயில் முழுக்கக் கொட்டினால் இத்தனை பாடும் வீண்.

வடித்ததை அளக்காமல் ஊற்றக் கூடாது. பழைய தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி அளந்து, அதே அளவை டிப்ஸ்டிக் குழாய் வழியாகப் புனல் வைத்து ஊற்றுங்கள், புனல் துப்புரவாக இருக்க வேண்டும், ஒரு தூசி போனாலும் வால்வு பொடிக்குக் கெடுதல். பிறகு மட்டம் பார்ப்பது. இதில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். குளிர்ந்த காரில் பார்ப்பார்கள், அல்லது என்ஜினை நிறுத்திப் பார்ப்பார்கள். இருபது இருபத்தைந்து நிமிடம் ஓடி ஒயில் 70-80 பாகைக்கு வந்த பிறகு, சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஓட ஓட, பிரேக்கை மிதித்துக்கொண்டு 'பி' இலிருந்து 'எல்' வரை ஒவ்வொரு இடத்திலும் சில விநாடி வைத்து, மறுபடி 'பி' க்குக் கொண்டுவந்து, அதன் பிறகு டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துத் திரும்பச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். சூடான குறியின் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். கூடினால் நுரைக்கும், நுரைத்த ஒயிலில் பிரஷர் வராது, குறைந்ததற்கும் கூடினதற்கும் விளைவு ஒன்றுதான். உங்கள் காலைப் பிடிப்புத் தாமதத்துக்கு மட்டம் குறைந்ததே பாதிக் காரணமாக இருக்கலாம். 'ஆர்' போடும்போது டொக்கென்று அடித்தால் ஒயிலைக் குற்றம் சொல்வதற்கு முதல் என்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள்.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? ஊற்றினால் இன்றோடு நிறுத்துங்கள். கியர் ஒயில் குளிர்வது ரேடியேற்றரின் உள்ளே ஒரு குழாயில்தான். நம் பக்கத்து உவர்த் தண்ணீர் அந்தக் குழாயை அரித்து ஓட்டையாக்கினால் தண்ணீரும் ஒயிலும் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் பலூடா நிறத்தில் வந்தால் அதுதான். கிளச் தட்டின் லைனிங் ஒட்டிய பசையே அதில் கழன்றுவிடும். மகாவலி பெருகி வெருகல், மூதூர்ப் பக்கம் வெள்ளத்தில் நின்ற வாகனங்களுக்கும் இதே பரிசோதனை வேண்டும், பலூடா நிறம் கண்டால் ஸ்டார்ட் பண்ணாமல் ஒயிலை வடியுங்கள்.

மூதூர் வான்காரன்

ஐயா, அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் நேற்றுக் கேட்டேன். நீங்கள் சொன்னதுதான். ஆறு மாதம் வழுக்க வழுக்க ஓடிவிட்டுத்தான் மாற்றியிருக்கிறார், அதுவும் மெசினில் அடித்து. என் வானுக்கு இந்தக் கிழமை டிப்ஸ்டிக் பார்க்கிறேன்.

உப்புவெளித் தம்பி

செய்தாயிற்று, சொல்ல வந்தேன். ஒயிலைக் கொழும்பில் மச்சான் ஏஜென்டிடம் வாங்கி இரவு பஸ்ஸில் அனுப்பினார். பக்கத்து வீட்டு அண்ணா மெக்கானிக் இல்லை, ஆனால் நிதானமான கை. இரண்டு பேருமாக ஒரு ஞாயிறு முழுக்க இருந்து செய்தோம். வடித்தது 2.8 லீற்றர். காந்தத்தில் சாம்பல் பசை மட்டும், செதில் இல்லை. பானில் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது. மட்டம் குறைந்திருந்த கணக்கையும் சேர்த்து 3.1 ஊற்றிய பிறகு குறிக்கு நடுவில் வந்து நின்றது.

மறுநாள் காலை 'டி' போட்டதும் பிடித்தது. நடுக்கம் முழுக்கப் போகவில்லை, ஆனால் தினமும் வந்தது இப்போது வந்தால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் மெல்ல. 400 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன், கோட்டைக்குள்ளால் ஏறும் இடத்தில் ஒரு தயக்கமும் இல்லை. அப்பாவின் கொப்பியில் முதல் தடவையாகக் கியர் ஒயில் என்று திகதியோடு எழுதினேன். பொனற்றின் உள்ளேயும் எழுதி ஒட்டிவிட்டேன் நானா.

ஒரு கேள்வி மட்டும். மச்சானிடம் அக்வா இருக்கிறது. அது ஹைபிரிட், பெட்டியும் சி.வி.டி. என்கிறார். அதற்கும் நானா சொன்ன டி.சி. தானா?

பழைய ஸ்பானர்

நல்ல செய்தி தம்பி. மிச்ச நடுக்கம் இரண்டாம் மாற்றத்தில் இன்னும் குறையும், 1,000 வரை பொறுங்கள், அவசரப்பட்டு எந்த மருந்துப் போத்தலும் ஊற்ற வேண்டாம்.

அக்வாவுக்கு டி.சி. இல்லை. அதை சி.வி.டி. என்று சொல்வார்களே தவிர உள்ளே பெல்டும் இல்லை, விரியும் புல்லியும் இல்லை, பல்லுச் சக்கரங்களும் இரண்டு மோட்டாரும்தான். அதற்கு டொயோட்டா கேட்பது டபிள்யூ.எஸ். உங்கள் நண்பர் உங்கள் காருக்குச் சொன்ன அதே ஒயில். டிப்ஸ்டிக்கும் இருக்காது, பக்கத் தக்கையைக் கழற்றித் துவார விளிம்பு வரை நிரப்ப வேண்டும், அதனால் கார் நாலு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும். மச்சானிடம் கைநூல் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு அளவு சொல்கிறேன்.